உருளைக்கிழங்கு வேகும் வரை

ரோவனியெமியில் ஒரு கடை உண்டு.
நானூற்று ஐம்பது கிலோமீட்டர்.
போன வருடம் போனேன்.
சுவர் நிறையக் கிட்டார்கள்,
எல்லாம் வலக்கைக்காரர்களுக்கு.
"நொட்டாங்கையா?" என்றான் கடைப்பையன்,
இறக்கை முளைத்த கிட்டார் கேட்டுவிட்டதைப் போல.
"வரவழைக்கலாம். முன்பணம் கட்டினால்."
தொடாமல் வாங்குவதற்கா
அத்தனை தூரம் வந்தேன்?

அதனால் டிசம்பரில்
சூரியன் விடுப்பில் போயிருந்த ஒரு மதியம்
சமையலறை மேசையில் உட்கார்ந்து
திரையைத் தட்டி வாங்கினேன்.
ஸ்ப்ரூஸ் முகம், மஹோகனி முதுகு,
நானூற்று முப்பது யூரோ.
காணொளியில் ஒருவன் வாசித்துக் காட்டினான்.
அவன் நகம், அவன் மைக்,
அவன் அறையின் கம்பளம்,
என் கைபேசியின் சுண்டைக்காய் ஸ்பீக்கர்.
இத்தனையையும் கழித்துவிட்டு
மிச்சத்தைக் கேட்கப் பார்த்தேன்.

எதிர்வீட்டு நீல்லஸ் சிரித்தான்:
"பனிக்குள் படுத்த மானுக்குக்
கொம்பை மட்டும் பார்த்து
விலை கொடுத்திருக்கிறாய், தெல்லர்வோ."
அவனிடம் மான் வாங்கிய என் அண்ணனுக்கு
அந்த வித்தை நன்றாகத் தெரியும்.

பெட்டி பேருந்தின் வயிற்றில் வந்தது.
மளிகைக்கடை ஊர்போ
பால் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து இழுத்தெடுத்துக்
குலுக்கிப் பார்த்து
"உள்ளே ஆள் இல்லை" என்றான்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது:
குளிரில் வந்திருந்தால்
இருபத்துநாலு மணி நேரம் திறக்காதீர்கள்,
மெருகு வெடிக்கும்.

திறக்கவில்லை.
அன்றிரவு பனி தள்ளும் வண்டியில்
நார்வேப் பாலம் வரை போய்த் திரும்பினேன்.
சாலையைத் திறந்துவிடுவது என் சம்பளம்.
வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி
என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.
விடிகாலை, விரல்கணுவால் தட்டினேன்.
உள்ளே ஆறு கம்பியும் சேர்ந்து
யாரோ தூக்கத்தில் "ம்" கொட்டியது போல.

அந்த ஒரு நாள் மட்டும்
உலகத்திலேயே நல்ல கிட்டார்
என்னிடம் இருந்தது.

திறந்தேன். பசை வாசம்.
கழுத்து நினைத்ததைவிடத் தடிமன்.
சுருதி சேர்த்து ஒரு முறை வருடினேன்.
காணொளிக்காரன் அங்கே இல்லை.
நான்தான் இருந்தேன்,
வண்டி ஓட்டிக் காய்த்த கையோடு.

நாலாம் நாள்
தடித்த கம்பியின் மூன்றாம் கட்டில்
ஜ்ஜ்ஜ் என்று ஒரு ஈ.
மே மாதம் வரை ஈயே எட்டிப் பார்க்காத ஊரில்.
ஆறாம் நாள் பக்கத்துக் கம்பியிலும் ஒன்று.

பதினான்கு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்.
படிவம் கேட்டது: காரணம் என்ன?
அளவு சரியில்லை.
சேதமடைந்திருந்தது.
மனம் மாறிவிட்டது.
இதில் எதுவுமில்லை என்பதற்குக்
கட்டமே போடவில்லை.
மனம் மாறிவிட்டது என்று குறித்தேன்,
மாறாமலே.

பதினோராம் நாள்
சீட்டை அச்சிட்டு, டேப் எடுத்து வைத்து,
அடுப்பில் கிழங்கைப் போட்டுவிட்டு
மூடி போட மறந்துபோனேன்.
ஜன்னலெல்லாம் வியர்த்து வழிந்தது.
பெட்டிக்குள் வைக்குமுன்
கடைசியாக அந்த மூன்றாம் கட்டு. அழுத்தினேன்.
ஈ இல்லை.
மறுபடி அழுத்தினேன். பலமாக அடித்தேன்.
கிழங்கு குழைந்துபோகும் வரை அடித்தேன்.

தாகம்.
இந்தக் குளிரில், இந்தக் ஹீட்டர் காற்றில்
என் உதடு வெடித்தது போலவே
அதற்கும் உள்ளே வறண்டு வயிறு ஒட்டியிருக்கிறது.
எந்தக் காணொளியிலும்
எவனும் கிழங்கு வேக வைக்கவில்லை.

கிட்டாருக்கென்று ஈரம் தரும் சின்னக் குழாய்
பன்னிரண்டு யூரோவுக்குக் கிடைக்கிறதாம்.
வாங்க வேண்டும்.
அதையும் பார்க்காமல்தான்.
அதுவரை சாயங்காலம் ஆறு மணிக்குப்
பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர்.
"விருந்தா?" என்கிறான் ஊர்போ,
மூன்றாவது சாக்கை எடை போட்டுக்கொண்டே.

பதினான்காம் நாள் சனிக்கிழமை.
நீல்லஸ் வந்தான்,
பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.
எனக்குத் தெரிந்த இரண்டரைப் பாட்டையும் வாசித்தேன்.
அரைப் பாட்டில் நிறுத்தினேன்.
தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து
வாயில் போட்டு, ஊதி, மென்று, யோசித்து,
"உப்பு கொஞ்சம் குறைவு" என்றான்.

எதற்கு என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.